தோட்டத்து ஏத்தத்தில் சைக்கிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பண்டாரவளைக்கும் அப்புத்தளைக்கும் இடையில், மெயின் ரோட்டிலிருந்து எங்கள் தோட்டத்துக்குப் பிரிகிற ரோட்டில் ஓர் ஏத்தம் இருக்கிறது. அடியில் பிள்ளையார் கோயில், உச்சியில் மேற்கணக்குக் கொழுந்து மடுவம், அதாவது பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கிற கொட்டகை. நீளம் 1.2 கிலோமீட்டர், ஏறுகிற உயரம் 90 மீட்டர். எனக்கு வேலை பண்டாரவளை டவுனில். ஒன்பது வருடமாக வேலை முடிந்து வீடு திரும்புவது இந்த ஏத்தத்தில், சைக்கிளில்தான். என்னைப் பார்த்து ஓட்டத் தொடங்கிய பிள்ளைகளும், அவர்களைப் பெற்றவர்களும், லீவுக்கு ஊருக்கு வருகிற சொந்தக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

சின்ன ஏத்தம்தானே அண்ணே, ஒரே மூச்சில் அடித்து ஏறினால் என்ன?

அடிக்கலாம். ஆனால் முக்கால்வாசிப் பேர் யூகலிப்டஸ் மரங்களுக்குக் கீழே நின்றுவிடுவார்கள். ஏன் அந்த இடம் என்று பாருங்கள்.

கோயிலிலிருந்து முதல் முடக்கு (ரோட்டு வளைவு) வரை ஏறக்குறைய 300 மீட்டர். சாய்வு 5 சதவீதம்தான். கால் புதிதாக இருக்கிறது, கோயிலடியில் நிற்கிற கூட்டாளிகள் பார்க்கிறார்கள், சைக்கிள் பறக்கிறது. அடுத்த 650 மீட்டர் 7 சதவீதம். அதற்குள் மூச்சு ஏறிவிடும். யூகலிப்டஸ் மரங்கள் தொடங்குகிற இடத்தில் கடைசி 250 மீட்டர் 11 சதவீதம் செங்குத்து. ஆக, மிக இலேசான இடத்தில் சக்தியைக் கொட்டிவிட்டு, மிகக் கஷ்டமான இடத்துக்கு வெறுங்கையோடு போய்ச் சேருகிறோம்.

உடம்புக்குள் நடப்பது இது. வேகமாக மிதிக்கத் தொடங்கியதும் நுரையீரலும் இதயமும் அந்த அளவுக்கு ஒட்சிசன் கொடுக்கத் தயாராக ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் பிடிக்கும். அதுவரை தசை, கைவசம் உள்ளதை எடுத்துச் செலவழிக்கும். அதனால்தான் முதல் நிமிடம் சுகமாகத் தெரிகிறது. அந்தச் சுகத்தை நம்பக் கூடாது. கைவசம் இருந்தது தீர்ந்ததும் தொடை எரியத் தொடங்கும். மட்டமான ரோட்டில் என்றால் மிதிப்பதை விட்டு, உருளவிட்டு மூச்சு வாங்கிக்கொள்ளலாம். ஏத்தத்தில் மிதிப்பதை நிறுத்தினால் நாலு அடியில் சைக்கிள் நின்றுவிடும். இளைப்பாற இடமே இல்லை. சின்ன ஏத்தத்தை நான் இலேசாக நினைக்காததற்குக் காரணம் அதுதான்.

பிள்ளைகளுக்கு நான் சொல்வது: முதல் முடக்கு வரை “இது ரொம்ப மெதுவாக இருக்கிறதே” என்று தோன்ற வேண்டும். பக்கத்தில் வருகிறவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். நடுப்பகுதியில் அது இரண்டு மூன்று சொல்லாகக் குறையலாம். பேச்சே நிற்கிற கட்டம் யூகலிப்டஸ் மரங்களுக்கு மேலேதான் வர வேண்டும்.

போன வருடம் அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒன்றாக ஓட்டினார்கள். பெரியவன் பலசாலி. இரண்டு தடவையும் முதல் முடக்கில் அவன் முன்னால், மரத்தடியில் தரையில். சின்னவன் நாக்கைக் கடித்துக்கொண்டு, பின்னால் ஒருவரும் இல்லாததுபோல ஒரே தாளத்தில் மிதித்து மடுவம் வரை போய்விட்டான். மூன்றாவது நாள் பெரியவனைத் தம்பியின் பின்சக்கரத்துக்குப் பின்னால் வரச் சொன்னேன், முந்தக் கூடாது என்று. இரண்டு பேரும் ஏறிவிட்டார்கள்.

கியர் இல்லாத சைக்கிளில் ஏற முடியாதா? வீட்டில் இருப்பது அப்பாவின் பழைய லுமாலா சைக்கிள்தான்.

கணக்கைப் பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள். சாதாரண பெரிய சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல், 28 அங்குல ரோதை என்று வைத்துக்கொள்வோம். ஒரு மிதி முழுதாகச் சுற்றினால் சைக்கிள் சுமார் 5.4 மீட்டர் போகும். ஏத்தத்தில் மணிக்கு 6 கிலோமீட்டர், அதாவது நிமிடத்துக்கு 100 மீட்டர் போகிறீர்கள் என்றால் நிமிடத்துக்குப் பதினெட்டு பத்தொன்பது சுற்றுத்தான் மிதிப்பீர்கள். ஒவ்வொரு மிதியும் மூட்டை தூக்குவதுபோல இருக்கும். மவுண்டன் பைக்கில் முன்னால் 22, பின்னால் 32 பல் போட்டால் ஒரு சுற்றுக்கு 1.4 மீட்டர். அதே வேகத்துக்கு நிமிடத்துக்கு 70 சுற்று. செய்கிற வேலை மொத்தத்தில் ஒன்றுதான். அதைச் சின்னச் சின்னத் துண்டாக்கிக் கொடுப்பதுதான் கியர்.

கியர் இல்லாவிட்டால் நின்றுகொண்டு, உடம்புப் பாரத்தைப் போட்டு மிதித்து, மணிக்கு 12, 13 கிலோமீட்டரில் ஏறியாக வேண்டும். நல்ல பயிற்சி உள்ள ஆளால் முடியும். புதிதாகத் தொடங்குகிறவர் பாதி மிதித்து, பாதி தள்ளி ஏறட்டும். பின்சக்கரத்துப் பல்சக்கரமான பிரீவீலை 22 பல்லுக்கு மாற்றினால் கொஞ்சம் இலேசாகும். செயின் நீளம் போதுமா என்று சைக்கிள் கடையில் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். பழைய மவுண்டன் பைக் ஒன்று கைக்கு வந்தால் அதுவே போதும். விலை கூடிய மெல்லிய டயர் ரேசிங் சைக்கிள் நம் தோட்டத்து ரோட்டுக்கு ஆகாது. கார்பட் ரோடு முடிந்து கொங்கிரீட்டும் சல்லியும் தொடங்குகிற இடத்தில் அதன் டயர் தாங்காது.

கியரை எப்போது மாற்றுவது?

செங்குத்து வருவதற்குப் பத்து மீட்டர் முன்னால். கால் இறுகிய பிறகு மாற்றினால் செயின் கடகடவென்று அடித்து, சில சமயம் கழன்றுவிடும். மாற்றுகிற அந்த ஒரு சுற்று மட்டும் பாரத்தைக் குறைத்து இலேசாக மிதியுங்கள். முன் கியரைக் கோயிலடியிலேயே சின்னதில் போட்டுவிட்டு, மேலே பின் கியரை மட்டும் மாற்றிக்கொண்டு போவது என் வழக்கம்.

7 சதவீதம், 11 சதவீதம் என்கிறீர்களே, அதை எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?

மேசன் வேலை செய்கிற மாமாவின் ரசமட்டத்தை வைத்து. ஒரு மீட்டர் நீளமான நேர் பலகையை ரோட்டில் ஏறுகிற திசையில் வையுங்கள். மேல்நுனி ரோட்டைத் தொட்டுக்கொண்டே இருக்க, கீழ்நுனியைத் தூக்குங்கள். ரசமட்டத்தில் குமிழி நடுவுக்கு வந்ததும், கீழ்நுனிக்கும் ரோட்டுக்கும் இடையில் எத்தனை சென்டிமீட்டர் என்று அளவுகோலால் பாருங்கள். 7 சென்டிமீட்டர் என்றால் 7 சதவீதம். முடக்குக்கு முடக்கு அளந்து ஒரு கொப்பியில் எழுதினோம். பிள்ளைகளுக்கு அது நல்ல கணக்குப் பாடமாகவும் ஆனது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று சொல்கிறேன். மலைநாட்டு ரயில் பாதையில் மிகச் செங்குத்தான சாய்வு 44க்கு 1. அதாவது 2.3 சதவீதம்கூட முழுசாக இல்லை. அதற்கே அந்த இன்ஜின் என்ன பாடுபடுகிறது என்று நாம் சின்ன வயதிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம். நம் கால்கள் அதைப்போல மூன்று மடங்கு, கடைசியில் ஐந்து மடங்கு சாய்வில் ஏறுகின்றன.

தோட்டத்து ரோடு ஏன் இப்படி வளைந்து வளைந்து போகிறது என்றும் கேட்பார்கள். மலைநாட்டில் ரோடு வெட்டத் தொடங்கிய காலம் காப்பிக் காலம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிடுவதற்கு முன்பே மூட்டை ஏற்றிய மாட்டு வண்டிகள் இந்த மலைகளில் ஏறி இறங்கின. மாடு இழுக்கிற சாய்வு வேண்டுமென்றால் மலையைச் சுற்றித்தான் வெட்ட வேண்டும். அதை வெட்டியவர்கள் நம் முன்னோர்கள். மாட்டுக்கு ஏற்ற சாய்வு சைக்கிளுக்கும் ஏற்றதுதான். லயத்து வீடுகளிலிருந்து ஸ்டோருக்கு (தேயிலைத் தொழிற்சாலைக்கு) இறங்குகிற குறுக்குப்பாதையில் சைக்கிளைத் திருப்பிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

முடக்கில் எந்தப் பக்கமாக ஏறுவது?

முடக்கின் உள்பக்கம் எப்போதும் செங்குத்து, வெளிப்பக்கம் சாய்வு குறைவு. ஒரே உயரத்தை உள்பக்கம் குட்டையான தூரத்திலும், வெளிப்பக்கம் நீண்ட தூரத்திலும் ஏறுகிறோம், அதனால். நாம் இடது பக்கம் போகிறவர்கள். ஆகவே வலப்பக்கம் திரும்புகிற முடக்கில் நாம் தானாகவே வெளிப்பக்கம் இருக்கிறோம். அங்கே கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். இடப்பக்க முடக்கு நமக்குக் கஷ்டமானது. நம்முடைய பக்கமே உள்பக்கம். மூன்றாவது முடக்கில் அந்த உள்மூலையில் சாய்வு 14 சதவீதம் வருகிறது, அதற்குமேல் ரோட்டோரக் கானிலிருந்து (வடிகாலிலிருந்து) மழைத்தண்ணீர் அடித்து வந்த சல்லியும் அங்கேதான் கிடக்கும்.

அதற்காக வலது பக்கம் போய்ச் சுற்றி வராதீர்கள். மேலிருந்து வருகிற லொறிக்காரருக்கு உங்களைத் தெரியாது. ஓரத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, சல்லிக்கு வெளியே, நம் பக்கத்துக்குள்ளேயே ஏறுங்கள். முடக்குக்கு முன்பே ஒரு கியர் இறக்கிவிட்டால் போதும்.

உட்கார்ந்து மிதிப்பதா, நின்று மிதிப்பதா?

உட்கார்ந்துதான். நின்றால் பலம் கூடும், மூச்சும் சீக்கிரம் போகும். சல்லி இருக்கிற இடத்திலும் பாசி பிடித்த கொங்கிரீட்டிலும் நின்று மிதித்தால் பின்சக்கரத்தில் பாரம் குறைந்து, சக்கரம் வழுக்கிச் சுழலும். மிகவும் செங்குத்தான இடத்தில் முன்சக்கரம் தூக்குவதுபோல இருந்தால் சீட்டின் முன்நுனிக்கு நகர்ந்து, முழங்கையை மடித்து நெஞ்சைக் கீழே கொண்டுவாருங்கள். கைப்பிடியை இறுக்கிப் பிடிக்க வேண்டாம். தோளும் கையும் இறுகினால் அதற்கும் சக்தி போகிறது. கடைசி ஐம்பது மீட்டரில் நின்று மிதியுங்கள். அதற்கு மேல் சேமித்து வைக்க ஒன்றுமில்லை.

ஏறுவதற்கு முன் என்ன சாப்பிடுவது?

இவ்வளவு சின்ன ஏத்தத்துக்குத் தனியாக ஒன்றும் வேண்டாம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 75 கிலோ என்றால், 90 மீட்டர் ஏற உடம்பு எரிப்பது ஏறக்குறைய 75 கலோரி. ஒரு துண்டு பாண் அவ்வளவு கொடுக்கும். வயிறு நிறைய ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு உடனே ஏறினால்தான் கஷ்டம். ஒன்றரை மணித்தியாலம் போகட்டும். ஏறி முடித்துச் சீனி போட்ட இஞ்சிப் பிளேன்டீ குடித்தால் அதன் சுகமே தனி.

எத்தனை நிமிடத்தில் ஏற வேண்டும்?

புதிதாகத் தொடங்குகிறவர் நிற்காமல் 12 நிமிடத்தில் ஏறினால் நல்லது. 75 கிலோவை அந்த நேரத்தில் தூக்குவதற்கே 90 வாட்டுக்குமேல் வேண்டும். டயர் உராய்வையும் காற்றையும் சேர்த்தால் 100 வாட்டைத் தாண்டும். 9 நிமிடத்துக்கு வர வேண்டுமென்றால் 135 வாட் பக்கம் போகும். பையில் இரண்டு கிலோ கூடுதலாக இருந்தால் 12 நிமிட ஏத்தத்தில் இருபது விநாடி கூடும். பள்ளிக்கூடப் பையோடு ஏறுகிற பிள்ளைகள் இதைத் தெரிந்து வைத்திருக்கட்டும், தங்களைத் தாங்களே குறைவாக நினைக்காமல் இருக்க.

நேரத்தைக் கொப்பியில் எழுதுங்கள். அதோடு அன்று காற்று எப்படி, ரோடு நனைந்திருந்ததா, எந்த இடத்தில் மூச்சு முட்டியது என்றும் எழுதுங்கள். ஒரே ஏத்தத்தில் திரும்பத் திரும்ப ஓட்டுவதால் கிடைக்கிற பெரிய லாபம் இது. மூச்சு முட்டுகிற இடம் வாரத்துக்கு வாரம் மேலே நகர்வதை நீங்களே பார்ப்பீர்கள்: மதகு, அப்புறம் பலாமரம், அப்புறம் மூன்றாவது முடக்கு.

நடுவில் இறங்கித் தள்ளினால்?

தள்ளுங்கள். இளைப்பாறிய பிறகு அதே இடத்திலிருந்து மறுபடி ஏறிக்கொள்ளுங்கள். செங்குத்தில் ஏறி உட்கார முடியவில்லையென்றால் சைக்கிளை ரோட்டுக்குக் குறுக்காகத் திருப்பி, பின்னும் முன்னும் வண்டி வரவில்லை என்று பார்த்து, இரண்டு மிதி குறுக்காகப் போய்ப் பிறகு மேலே திருப்புங்கள்.

நான் யாழ்ப்பாணம். அங்கே தினமும் 20 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். இங்கே ஒரு கிலோமீட்டரில் ஏன் மூச்சு வாங்குகிறது?

என் மச்சான் கேட்ட கேள்வி. யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு வீடு சைக்கிள், ரோடோ பலகைபோல மட்டம். அங்கே எதிரி காற்று. இங்கே எதிரி உங்கள் சொந்தப் பாரம். இன்னொன்று உயரம். பண்டாரவளை 1,200 மீட்டருக்கு மேலே, அப்புத்தளை 1,400 மீட்டருக்கு மேலே. 1,400 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவு. நுவரெலியாவில் 20 சதவீதம் பக்கம். மூச்சுக்கு மூச்சு ஒட்சிசனும் அவ்வளவு குறைவு. முதல் இரண்டு மூன்று நாள் வழக்கத்தைவிட ஒரு கியர் இலேசாகப் போட்டு ஓட்டுங்கள். மச்சான் நாலாவது நாள் ஏறிவிட்டார்.

மழையிலும் பனியிலும் ஓட்டலாமா? எந்த மாதம் நல்லது?

மலைநாடு முழுக்க ஒரே பருவம் இல்லை. அட்டன், தலவாக்கலை பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு மழை பிடித்துக்கொள்ளும். அப்போது ஊவாப் பக்கம் கச்சான் காற்று, வறட்சி. எங்களுக்குப் பெரிய மழை ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை. மார்ச், ஏப்ரலில் காலை வெயிலாக இருந்தாலும் பின்னேரம் இடி மழை வரும். ஆகவே எந்த மாதமானாலும் காலையில் ஓட்டுவது நல்லது.

பனி இறங்கினால் பத்து அடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. முன்னால் வெள்ளை லைட், பின்னால் சிவப்பு லைட், இரண்டும் எரிய வேண்டும். பகலிலும்தான். மழை நாளில் புல்லோரம் நின்று இளைப்பாறினால் அட்டை ஏறும். காலுறையில் சவர்க்காரம் பூசிக்கொண்டு போங்கள். சுவெட்டரைப் போட்டுக்கொண்டு ஏற வேண்டாம், பையில் வையுங்கள். உச்சியில் வியர்வை ஆறுவதற்குள் எடுத்துப் போட வேண்டும், இறக்கத்தில் அந்தக் காற்று நெஞ்சில் இறங்கும்.

இறக்கத்தில் என்ன கவனம்?

ஏத்தத்தைவிட இதைத்தான் நான் அதிகம் சொல்லிக் கொடுக்கிறேன். ஏத்தத்தில் விழுந்தால் முழங்கால் சிராய்க்கும். இறக்கத்தில் விழுந்தால் அப்படி முடியாது. எனக்கே தோள் எலும்பு முறிந்தது இறக்கத்தில்தான். மழை விட்டு அரை மணித்தியாலம் ஆகியிருந்தது, ரோடு காய்ந்ததாகத் தெரிந்தது. மூன்றாவது முடக்கில் மரநிழல் விழுகிற இடத்தில் மட்டும் கொங்கிரீட்டில் பாசி ஈரம். திரும்பிக்கொண்டே முன் பிரேக்கைப் பிடித்தேன். சக்கரம் என் அடியிலிருந்து உருவிக்கொண்டு போனது.

அன்றிலிருந்து என் முறை: முடக்கு வருவதற்கு முன்பே, சைக்கிள் நேராக இருக்கும்போதே இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிடுவேன். திரும்பும்போது பிரேக்கைத் தொடமாட்டேன். வெளிப்பக்க மிதி கீழே, பார்வை முடக்கின் முடிவில். ரிம் நனைந்திருந்தால் முதல் பிடியில் பிரேக் கட்டை தண்ணீரைத் துடைக்க மட்டும்தான் செய்யும், அதன் பிறகுதான் பிடிக்கும். அதனால் வெகு முன்னாலேயே இலேசாகப் பிடித்துப் பிடித்து விட வேண்டும். புறப்படுவதற்கு முன் இரண்டு பிரேக்கையும் பிடித்து சைக்கிளை முன்னால் தள்ளிப் பாருங்கள். உருண்டால் இறங்க வேண்டாம். ஹெல்மெட் இல்லாமல் என்னோடு எந்தப் பிள்ளையையும் இறங்க விடுவதில்லை.

ரோட்டில் வண்டி வராதே, பயமில்லைதானே?

அமைதியான ரோடு, காலியான ரோடு அல்ல. கொழுந்து நிறுக்கிற நேரத்தில் லொறி வரும். முடக்குக்கு முடக்கு ஹோர்ன் அடிப்பார்கள், காதில் பாட்டு மாட்டிக்கொண்டு போனால் கேட்காது. மலையிலிருந்து கொழுந்துச் சாக்கோடு இறங்குகிற பெண்களுக்கு முன்னால் பார்க்க முடியாது, பாரம் தலையிலும் முதுகிலும். அவர்களுக்கு நாம்தான் நின்று வழிவிட வேண்டும். நாய் துரத்தினால் ஏத்தத்தில் ஓடித் தப்ப முடியாது. இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு, சத்தமாக அதட்டி நடங்கள்.

முழங்கால் வலிக்கிறது.

பெரும்பாலும் சீட் பணிவாக இருக்கும். குதிங்காலை மிதியில் வைத்து, மிதி அடியில் இருக்கும்போது கால் நேராக வர வேண்டும். அந்த அளவுக்கு உயர்த்துங்கள். பாரமான கியரில் மெதுவாக அழுத்தி மிதிப்பதும் வலிக்குக் காரணம். இரண்டையும் சரிசெய்து இரண்டு வாரத்தில் குறையவில்லையென்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

மகள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்கிறாள். ஊர் என்ன சொல்லுமோ என்று பயமாக இருக்கிறது.

அக்கா, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் அம்மா இந்த மலையில் கூடை கட்டிக்கொண்டு தினமும் ஏறி இறங்கியவர். அந்த மலையில் பேத்தி சைக்கிளில் ஏறுவதில் என்ன குறை? முதல் மாதம் தனியாக அனுப்ப வேண்டாம், இரண்டு மூன்று பிள்ளைகளாகச் சேர்ந்து போகட்டும். பாவாடை செயினில் மாட்டாமல் இருக்க செயின் கவர் போட்டுக் கொடுங்கள். இப்போது எங்களோடு ஓட்டுகிற பெண் பிள்ளைகள் நான்கு பேர். இந்த ஏத்தத்தில் பொறுமையாக, தாளம் தவறாமல் ஏறுகிறவர் யார் என்று கேட்டால் அவர்களில் ஒருத்தியைத்தான் காட்டுவேன்.

இதை ஏறிவிட்டோம். அடுத்து?

முதலில் ஒரே காலையில் இதே ஏத்தத்தை இரண்டு தடவை, பிறகு மூன்று தடவை ஏறுங்கள். மூன்றாவது தடவையும் முதல் தடவையின் நேரத்துக்கு ஒரு நிமிடத்துக்குள் வந்தால் நீங்கள் பெரிய ஏத்தத்துக்குத் தயார். எங்கள் பக்கத்தில் அது டம்பேதென்ன. 1890இல் தோமஸ் லிப்டன் கட்டிய தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து மலை உச்சியில் இருக்கிற லிப்டன் சீட் என்ற காட்சியிடம் வரை சுமார் 7 கிலோமீட்டர், முழுக்கத் தேயிலை மலைக்கு நடுவே ஏத்தம். நம் ஏத்தத்தைப் போல ஐந்தாறு ஏத்தங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல. முதல் இரண்டு கிலோமீட்டரும் பேசிக்கொண்டே போங்கள். தண்ணீர் ஒரு லீட்டர், பணிஸ் இரண்டு, டியூப் ஒன்று, பம்ப். காலை பத்து மணி போல் உச்சியைப் பனி மூடத் தொடங்கிவிடும். அதனால் நாங்கள் அப்புத்தளையிலிருந்து ஐந்து மணிக்கே, லைட்டைப் போட்டுக்கொண்டு புறப்படுவோம்.